கல்லூரிக்கு முன் பிறந்த செய்தித்தாள்

சர் சையித் அஹ்மத் கான் என்னும் பெயரைக் கேட்டவுடன் அலிகார் கல்லூரியும் அதன் வளாகத்துப் பள்ளிவாசலும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இந்திய முஸ்லிம்களின் நவீனக் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் 1875ஆம் ஆண்டிலிருந்தே அவ்வரலாற்றைத் தொடங்குகின்றனர். ஆனால் அக்கல்லூரி தோன்றுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1866 மார்ச் 30ஆம் நாள், அதே ஊரிலிருந்து ஒரு செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது. கல்லூரி என்னும் மரம் வேர் கொள்ள நிலத்தை உழுது பண்படுத்தியது அச்செய்தித்தாளே ஆகும். கல்கத்தாவிலோ பம்பாயிலோ வெளிவந்த பெருந்தாளன்று அது. வடமேற்கு மாகாணத்தில் ஒரு மாவட்டத் தலைநகராக மட்டுமே இருந்த சிற்றூர் ஒன்றின் தாள். அதன் பெயர் அலிகார் இன்ஸ்டிட்யூட் கெஜட். சர் சையித் அவர்களின் வாழ்வை அச்செய்தித்தாளின் வழியே நின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சர் சையித் 1817 அக்டோபர் 17ஆம் நாள் டெல்லியில் பிறந்தார். அவருடைய குடும்பம் முகலாய அரண்மனையோடு நெருங்கிய தொடர்புடையது. தாய்வழிப் பாட்டனாரான குவாஜா ஃபரீதுத்தீன் கணிதப் புலமை வாய்ந்தவர்; இரண்டாம் அக்பர் ஷாவின் அமைச்சராகவும் இருந்தவர். அன்னையார் அஜீசுன்னிஸா அறிவும் உறுதியும் மிக்க பெண்மணி. மகனின் இளமைப் பருவத்துப் பாடங்களைத் தாமே கேட்டுத் திருத்தியவர். தந்தையார் 1838இல் மறைந்தபின், அரண்மனையின் பொய்ப் பகட்டை நம்பியிராமல், உறவினர் சிலரின் விருப்பத்துக்கு மாறாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறைப் பணியில் சேர்ந்தார் அவர்.

செய்தித்தாள் அவருக்குப் பிற்காலத்தில் புதிதாகத் தோன்றிய ஆசையன்று. அவருடைய தமையனார் சையித் முஹம்மத் கான் டெல்லியில் சையிதுல் அக்பார் என்னும் உருது ஏட்டை நடத்தி வந்தார். வட இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றிய உருது ஏடுகளுள் அதுவும் ஒன்று. தமையனார் இளவயதிலேயே மறைந்துவிட, தம்பியார் சிறிது காலம் அதனைத் தாங்கிப் பார்த்தார். ஊர் ஊராக மாற்றப்படும் முன்சீப் ஒருவரால் வார ஏடு ஒன்றை எத்தனை நாள் தாங்க முடியும்? ஏடு நின்றது. எனினும் அச்சுக்கூடத்தின் மை மணம் அவரை விட்டு அகலவில்லை. டெல்லி நகரத்துப் பழங்கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து 1847இல் அவர் வெளியிட்ட ஆஸாருஸ் ஸனாதீத் என்னும் நூல் அவருக்கு அறிஞர் உலகில் பெயர் தேடித் தந்தது.

அவருடைய வாழ்வை இரண்டாகப் பிளந்தது 1857ஆம் ஆண்டு. அப்போது அவர் பிஜ்னோரில் சதர் அமீன் பதவியில் இருந்தார். அங்கிருந்த ஆங்கிலேயக் கலெக்டரையும் அவருடைய குடும்பத்தாரையும் உயிருடன் காப்பாற்றி அனுப்பினார். அதே வேளையில் டெல்லியில் அவருடைய உறவினர் சிலர் ஆங்கிலப் படையினரின் கையாலேயே கொல்லப்பட்டனர். அன்னையார் குதிரைக் கொட்டிலில் ஒளிந்து, உண்ண உணவும் பருக நீரும் இன்றிப் பல நாள் வாடினார். மகன் தேடிச் சென்று மீரட்டுக்கு அழைத்து வந்தும், சின்னாட்களில் அங்கேயே அவர் உயிர் நீத்தார். செய்த உதவிக்கு ஈடாக, பறிமுதல் செய்யப்பட்ட பெருநிலம் ஒன்றை அரசு வழங்க முன்வந்தபோது, தம் இனத்தார் இழந்த சொத்தில் தாம் வாழ்வதா என்று எண்ணி அதனை ஏற்க மறுத்துவிட்டார். நாட்டைத் துறந்து எகிப்துக்கு ஹிஜ்ரத் செய்துவிடலாமா என்றுகூட அந்நாட்களில் அவர் மனம் தடுமாறியது. இவ்வளவு பெரிய அழிவுக்கிடையே தாம் மட்டும் பாதுகாப்பான ஓரிடம் தேடிச் செல்வது ஆண்மையன்று என்று தெளிந்து தங்கிவிட்டார்.

தங்கியவர் வாளா இருக்கவில்லை. கலகம் ஏன் மூண்டது என்பதை ஆராய்ந்து உருதுவில் ஒரு சிறுநூல் எழுதினார். இந்தியரின் எண்ணங்கள் ஆட்சியாளரின் செவிக்கு எட்ட வழியில்லாமற் போனதும், சட்டமியற்றும் அவையில் இந்தியர் ஒருவர்கூட இடம் பெறாததுமே அடிப்படைக் காரணங்கள் என்பது அந்நூலின் சாரம். கலகத்தின் சாம்பல் ஆறாத நேரம் அது. இதனை வெளியிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நண்பர் ஒருவர் தாள்களை எரித்துவிடும்படி வேண்டினார். சர் சையித் இணங்கவில்லை. 500 படிகள் அச்சிட்டார். ஆனால் அவற்றை இந்தியாவில் பரப்பாமல், பெரும்பகுதியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நோயைச் சொல்ல வேண்டியது மருத்துவனிடம். தெருவில் நின்று கூவுவதால் பயன் இல்லை என்பது அவர் கொண்ட முறை. அவர் கண்ட நோய்க்கு அவரே தேடிய மருந்துகளுள் ஒன்றுதான் பின்னாளில் தோன்றிய செய்தித்தாள். ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருவரை ஒருவர் அறியாதிருப்பதே கேடு என்றால், இருவரும் ஒரே தாளைப் படிக்கச் செய்ய வேண்டும் அல்லவா?

1862இல் அவர் காஜிப்பூருக்கு மாற்றப்பட்டார். பைபிளுக்கு முஸ்லிம் ஒருவரின் நோக்கில் விளக்கவுரை எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. உருது, அரபு, ஹீப்ரு, ஆங்கிலம் ஆகிய எழுத்துகள் ஒருங்கே வேண்டியிருந்தமையால் சொந்தச் செலவிலேயே ஓர் அச்சுக்கூடம் வாங்கினார். 1864 ஜனவரி 9ஆம் நாள் காஜிப்பூரில் அறிவியற் கழகம் ஒன்றை நிறுவினார். ஐரோப்பிய மொழிகளிலுள்ள அறிவியல், வரலாற்று, பொருளியல் நூல்களை உருதுவில் பெயர்த்தல் அதன் நோக்கம். முஸ்லிம்களும் இந்துக்களும் ஆங்கிலேயரும் அதில் உறுப்பினர். அதே ஆண்டில் அவர் அலிகாருக்கு மாற்றப்பட்டபோது கழகமும் அவரோடு புறப்பட்டது. தம் அச்சுக்கூடத்தையும் அதற்கே கொடுத்துவிட்டார். 1866 பிப்ரவரியில் கழகத்துக்கென அலிகாரில் கட்டப்பட்ட மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே செய்தித்தாள் பிறந்தது. ஆங்கிலத்தில் அது இன்ஸ்டிட்யூட் கெஜட். உருதுவில் அறிவியற் கழகத்தின் செய்தித்தாள் என்னும் பொருள்படும் பெயர்.

இனி அத்தாளின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்போம். இதழியல் பயிலும் மாணவர்கள் இதனைக் கருத்தூன்றி நோக்குதல் நலம். பக்கத்தின் ஒரு பத்தியில் உருது. அதனை அடுத்த பத்தியில் ஆங்கிலம். பெரும்பாலான செய்திகளும் கட்டுரைகளும் இவ்வாறு இரு மொழிகளிலும் அருகருகே நின்றன. சில மட்டும் ஒரு மொழியோடு அமைந்தன. இரட்டைப் பத்தி என்பது வெறும் அச்சு அலங்காரமன்று. உருதுப் பத்தியைப் படித்த ஜமீன்தாரும் முன்சீப்பும் ஆட்சியாளரின் சட்டங்கள் எவை, அவற்றின் காரணம் யாது என்பதை அறிந்தனர். ஆங்கிலப் பத்தியைப் படித்த கலெக்டர் தம் ஆட்சியைப் பற்றி ஊரார் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதை மொழிபெயர்ப்பாளரின் இடையீடின்றி அறிந்தார். ஒரு சாராரிடம் ஒன்றும் மறு சாராரிடம் வேறொன்றும் கூற இயலாதபடி ஆசிரியரைக் கட்டிப் போட்டதும் இவ்விரட்டைப் பத்தியே. இரு பக்கத்தாரும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய எழுத்தில் பொய்க்கு இடம் குறைவு. இத்தகைய நேர்மைக் காவலை வலிந்து ஏற்றுக்கொண்ட இதழாசிரியர்கள் மிகச் சிலரே.

அச்சு முறையிலும் அவர் புதுவழி கண்டார். அக்காலத்து உருது ஏடுகள் பெரும்பாலும் கல்லச்சில் வெளிவந்தன. காதிபு எனப்படும் எழுத்தர் அழகிய நஸ்தலீக் வடிவில் எழுதித்தர, அதனைக் கல்லில் ஏற்றி அச்சிடுவர். கண்ணுக்கு இனியது, ஆயினும் காதிபின் கைக்கும் ஓய்வுக்கும் ஏற்பவே ஏடு வெளிவரும். எழுத்துப்பிழை நேர்ந்தால் திருத்துவதும் எளிதன்று. சர் சையித் ஈய அச்செழுத்துகளையே வற்புறுத்தினார். உருது படிப்போர்க்கு அவ்வெழுத்துகள் அழகற்றவையாகத் தோன்றின. பலர் முகம் சுளித்தனர். ஆயினும் குறித்த நாளில் தாள் வெளிவரவும், உருதுவும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கவும் அதுவே ஏற்ற வழி என்று அவர் கண்டார். அழகுக்காகக் காலத்தை இழக்க அவர் அணியமாக இல்லை. நம் தமிழ் முஸ்லிம்களிடையே அரபுத் தமிழ் நூல்கள் நெடுங்காலம் கல்லச்சில் வெளிவந்ததை அறிந்தவர்கட்கு இவ்வழக்கின் அருமை எளிதில் விளங்கும்.

தொடக்கத்தில் வார இதழாகவும் பின்னர் வாரம் இருமுறையாகவும் கெஜட் வெளிவந்தது. அரசாணைகள், நாட்டுச் செய்திகள், அயல்நாட்டுச் செய்திகள், கழகத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுகள், வேளாண்மைக் குறிப்புகள், கல்வி பற்றிய கட்டுரைகள் ஆகியன அதன் உள்ளடக்கம். கழகத்தின் தோட்டத்திலேயே புதிய முறைகளில் பயிர் செய்து பார்த்தனர். அறிவியற் கருவிகளைக் கூட்டங்களில் இயக்கிக் காட்டினர். அரங்கத்தில் ஐம்பது பேர் கேட்டதை ஊர் கடந்த நூற்றுக்கணக்கானோர் படிக்கச் செய்தது கெஜட். தனிமனித வசையும் ஊர்வம்பும் அக்காலத்து ஏடுகள் பலவற்றிற்கு உணவாக இருந்தன. கெஜட்டோ அவற்றைத் தீண்டவில்லை. சர் சையிதின் வரலாற்றை ஹயாத்தே ஜாவீத் என்னும் பெருநூலாக 1901இல் வெளியிட்ட மௌலானா அல்தாஃப் ஹுசைன் ஹாலி, வட இந்திய ஏடுகளின் நடையையும் தரத்தையும் உயர்த்திய பெருமையை இத்தாளுக்கு உரியதாக்குகின்றார். மோனை எதுகைகளும் அரபுப் பாரசீக அடுக்குகளும் நிறைந்த பழைய உரைநடையைக் கைவிட்டு, கருத்தை நேரே கூறும் எளிய உருது நடை வளர்ந்ததில் கெஜட்டின் பங்கு பெரிது. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் துறையினர் ஒரு மொழியின் உரைநடை செய்தித்தாளில் பிறக்கக்கூடும் என்பதை மறவாதிருக்க வேண்டும். தமிழ் உரைநடைக்கும் அவ்வாறே நேர்ந்தது.

முகப்பில் தாங்கிய குறிக்கோள் துணிவானது. அச்சுரிமையை வழங்குவது அறிவுடைய அரசின் கடமை, அதனைக் காத்துக்கொள்வது உரிமையுள்ள மக்களின் கடமை என்பது அதன் பொருள். அரசு ஊதியம் பெறும் நீதிபதி ஒருவர் நடத்திய தாளின் முகப்பில் இவ்வாசகம் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்குறிக்கோள் முகப்போடு நின்றுவிடவில்லை. 1866 மே மாதம் சர் சையிதும் அவருடைய நண்பர்களும் அலிகாரில் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இரயில் பயணிகள் படும் துன்பங்களை எடுத்துரைத்து அச்சங்கம் அரசுக்கு விண்ணப்பம் செய்தது. 1867இல் தாய்மொழி வழியாக உயர்கல்வி அளிக்கும் பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் விண்ணப்பித்தது. ஆங்கிலக் கல்வியின் தூதர் என்று மட்டுமே நாம் அறிந்திருக்கும் பெரியார், தாய்மொழிப் பல்கலைக்கழகம் கேட்டவர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பின்னாளில் அவர் அக்கருத்தை மாற்றிக்கொண்டு ஆங்கில வழியையே ஆதரித்தார். அம்மாற்றம் சரியா தவறா என்னும் வினா இன்றும் நம் கல்லூரி அரங்குகளில் தீராத வழக்காகவே இருக்கின்றது.

அதே 1867இல் ஆக்ராவில் நடந்த தர்பாரில் ஐரோப்பியர்க்கு மேடான இடத்திலும் இந்தியர்க்குத் தாழ்ந்த இடத்திலும் இருக்கைகள் போடப்பட்டிருந்தன. அத்தர்பாரில் பதக்கம் பெறவேண்டியிருந்த சர் சையித் இதனைக் கண்டு மனம் பொறாது அவையை விட்டு வெளியேறினார். அரசு ஊழியர் ஒருவர்க்கு இது சிறிய துணிவன்று. மேலதிகாரிகள் விளக்கம் கேட்டனர். பதக்கம் பின்னொருநாள் அலிகார் இரயில் நிலையத்தில் கமிஷனர் ஒருவரால் விருப்பமின்றி அவர் கையில் கொடுக்கப்பட்டது என்று ஹாலி எழுதுகின்றார். ஆங்கிலேயர்க்கு அடிவருடி என்று அவரை இகழ்ந்தோர் இந்நிகழ்ச்சியை ஏனோ நினைவுகூர்வதில்லை.

கெஜட்டின் வரலாற்றில் நெஞ்சை வருத்தும் பகுதி இனி வருவது. 1867இல் சர் சையித் பனாரஸ் நகருக்கு மாற்றப்பட்டார். அறிவியற் கழகத்தின் செயலாளர் பொறுப்பை ராஜா ஜெய்கிஷன் தாஸ் ஏற்றார். இவர் சர் சையிதின் ஆருயிர் நண்பர். இந்நிலையில் நீதிமன்றங்களில் உருதுவுக்குப் பதிலாக நாகரி எழுத்தில் இந்தி வழங்க வேண்டும் என்னும் இயக்கம் பனாரஸில் எழுந்தது. அது அறிவியற் கழகத்துக்குள்ளும் புகுந்தது. கழகத்தின் ஏடும் மொழிபெயர்ப்பு நூல்களும் இந்தியில் அமைய வேண்டும் என்று இந்து உறுப்பினருள் ஒரு சாரார் கூறலாயினர். அப்போது இலண்டனில் இருந்த சர் சையித், 1870 ஏப்ரலில் தம் நண்பர் முஹ்ஸினுல் முல்க்குக்கு எழுதிய கடிதத்தில், இது நிகழ்ந்தால் இரு சமூகத்தாரும் ஒன்றுபட்டு நிற்பது இயலாததாகிவிடும் என்று ஆழ்ந்த கவலையோடு குறிப்பிட்டார். ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் ஒரே பக்கத்தில் அமரவைத்த தாள், ஆளப்படுவோருள் இரு சாராரை ஒரே பத்தியில் வைத்திருக்க இயலாமற் போனது. உருதுவைத் தம் தாய்மொழியாகக் கருதிய இந்துக்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர் என்பதும், நாகரி எழுத்தையே அறிந்த எளிய மக்களின் வேண்டுகோளிலும் நியாயம் இருந்தது என்பதும் இரண்டுமே உண்மை. பின்வந்தோர் இவ்வழக்கை அரசியலாக்கிய அளவுக்கு அன்று அது தனிமனித நட்பைக் கெடுக்கவில்லை. ராஜா ஜெய்கிஷன் தாஸ் இறுதிவரை சர் சையிதின் நண்பராகவே இருந்தார். பிற்காலத்தில் சர் சையிதின் பேரன் ராஸ் மசூதுக்கு பிஸ்மில்லாஹ் ஓதி எழுத்தறிவித்தபோது, சிறுவனைத் தம் மடியில் இருத்திக்கொண்டவர் அவரே.

1869 ஏப்ரலில் சர் சையித் தம் இரு மைந்தருடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மைந்தருள் சையித் மஹ்மூத் அரசின் கல்வி உதவித்தொகை பெற்றுச் சென்றவர். பயணத்தில் கண்டவற்றையெல்லாம் தந்தையார் கடிதங்களாக எழுத, கெஜட் அவற்றைத் தொடர்ந்து வெளியிட்டது. கப்பல், சூயஸ் கால்வாய்ப் பணிகள், இலண்டன் மாநகர் எனத் தொடர்ந்த அக்கடிதங்களை வாசகர் ஆவலுடன் படித்தனர். ஆனால் 1869 அக்டோபரில் எழுதப்பட்ட ஒரு கடிதம் பெரும் புயலைக் கிளப்பிவிட்டது. ஆங்கிலேயரின் கல்வியையும் ஒழுங்கையும் வானளாவப் புகழ்ந்து, அவர்களோடு ஒப்பிட்டால் நம்மவர் உயர்ந்தோர் தாழ்ந்தோர் யாவருமே அழுக்கடைந்த விலங்கு போன்றவர் என்று அவர் எழுதிவிட்டார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேரக் கொதித்தனர். தன் இனத்தின் மேல் கொண்ட அன்பு சினமாக வெளிப்பட்டது என்று அவருடைய அன்பர்கள் சமாதானம் கூறினர். அது பொருந்தாது என்றே கருத வேண்டியுள்ளது. இலண்டனின் ஒளியை மட்டும் கண்டு இருளைக் காணாது எழுதிய கடிதம் அது.

அதே கண் வேறொரு திசையில் மங்கவில்லை. வடமேற்கு மாகாணத்தின் துணை ஆளுநராக அப்போது இருந்த சர் வில்லியம் மியூர், அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பழிதோன்ற எழுதியிருந்தார். அதற்கு மறுப்பெழுதுவதே சர் சையிதின் இங்கிலாந்துப் பயண நோக்கங்களுள் ஒன்று. கடன் வாங்கியும், ஊரிலுள்ள உடைமைகளை விற்கச் சொல்லியும் பொருள் திரட்டி, 1870இல் அம்மறுப்பை ஆங்கிலத்தில் இலண்டனிலேயே வெளியிட்டார். தம் மாகாணத்தை ஆள்பவரின் நூலுக்கே மறுப்பெழுதிய அந்த அரசு ஊழியர் மேல் மியூர் பகைமை கொள்ளவில்லை. பின்னாளில் அலிகார்க் கல்லூரிக்கு அவர் ஆதரவளித்தார் என்பதையும் இங்கே குறிப்பிடல் முறை.

தாயகம் திரும்பியதும் 1870 டிசம்பர் 24ஆம் நாள் தஹ்தீபுல் அக்லாக் என்னும் மற்றோர் இதழைத் தொடங்கினார். ஆங்கில நாட்டின் டாட்லர், ஸ்பெக்டேட்டர் ஆகிய பழைய இதழ்களின் வழியில் ஒழுக்கத்தையும் பழக்கவழக்கங்களையும் சீர்திருத்துவது அதன் நோக்கம். ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் இதனையே போற்றி எழுதுவர். கெஜட் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. ஆனால் இரண்டும் வேறு வேறு பணிகளைச் செய்தன. தஹ்தீபுல் அக்லாக் முஸ்லிம்களிடம் மட்டும் பேசியது. சமயக் கருத்துகளில் துணிந்து புகுந்தது. அதனால் உலமாக்களின் கடும் எதிர்ப்புக்கு ஆளானது. அதனை மறுப்பதற்கென்றே கான்பூர் முதலிய ஊர்களில் இதழ்கள் தோன்றின. ஃபத்வாக்கள் மக்காவிலிருந்தும் வரவழைக்கப்பட்டன. 1876இல் நின்று, பின்னர் இருமுறை உயிர்பெற்று, மீண்டும் மீண்டும் நின்றது. சர் சையிதின் சமயக் கருத்துகள் சிலவற்றை நம் பெரியோர்கள் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதில்லை. கெஜட்டோ அப்பூசலில் சிக்காமல், அரசாணையும் ஊர்ச்செய்தியும் கல்விக் கட்டுரையுமாகத் தன் வழியே சென்றுகொண்டிருந்தது. புயலைக் கிளப்பிய இதழை வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது. வாரந்தோறும் வாசலுக்கு வந்த தாளோ, தன் வேலையைச் செவ்வனே செய்ததனாலேயே மறக்கப்பட்டது.

1875 மே 24ஆம் நாள் அலிகாரில் பள்ளி திறக்கப்பட்டது. 1877 ஜனவரி 8ஆம் நாள் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1876இல் பணி ஓய்வு பெற்ற சர் சையித் அலிகாரிலேயே குடியேறிக் கல்லூரிக்கெனவே வாழ்ந்தார். நன்கொடைக்காக அவர் செய்யாத வேலையில்லை. முதுமையில் பொருட்காட்சி மேடையேறிக் கவிதை பாடிப் பணம் திரட்டியதும் உண்டு. இவ்வாறு திரட்டிய பொருளின் விவரங்களையும் குழுவின் நடவடிக்கைகளையும் ஊரறியச் செய்ய அவர் கையில் தாள் இருந்தது. கல்லூரிக்கு முன்னரே பத்தாண்டுக் காலம் நடந்து நம்பிக்கை தேடிக்கொண்ட தாள் அது. பஞ்சாபிலும் ஹைதராபாத்திலும் இருந்த செல்வர்கள் அலிகாரைக் கண்ணால் காணும் முன்பே ஏட்டின் வழியே அறிந்திருந்தனர். தமிழ் வழங்கும் நிலங்களில் இதற்கு ஒப்புக் கூறுவதாயின், பதினாறு ஆண்டுகள் கழித்து 1882இல் இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை தொடங்கிய முஸ்லிம் நேசனைக் கூறலாம். அங்கும் முதலில் தாள், அதன்பின் பள்ளி என்னும் முறையே நிகழ்ந்தது.

1887 டிசம்பர் இறுதியில் சென்னை மாநகரில் இந்திய தேசிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு நடைபெற்றது. தலைமை தாங்கியவர் பம்பாயின் பத்ருத்தீன் தியாப்ஜி. அம்மாநாடு நடந்த அதே நாட்களில் லக்னோவில் சர் சையித் காங்கிரசில் முஸ்லிம்கள் சேரலாகாது என்று உரையாற்றினார். அவ்வுரையைத் தொடர்ந்து இரு பெரியோர்க்கும் இடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது; ஒருவரை ஒருவர் மாற்ற இயலவில்லை. கல்வியில் பின்தங்கிய சமூகம் அரசியலில் இறங்கினால் உள்ளதையும் இழக்கும் என்பது சர் சையிதின் அச்சம். 1857ஐக் கண்ணால் கண்டவர் அவர் என்பதை மறத்தலாகாது. எனினும், ஆட்சியாளர் மக்களின் குரலைக் கேட்கவில்லை என்று 1859இல் எழுதியவரே, அக்குரலை ஒருங்குதிரட்ட முயன்ற இயக்கத்தை எதிர்த்தது முரணாகவே தோன்றுகின்றது. தியாப்ஜியின் நோக்கே நாட்டுக்கும் சமூகத்துக்கும் நலம் பயப்பது என்று தென்னாட்டில் அன்றே கருதியோர் உண்டு. அவ்வாண்டுகளில் கெஜட்டின் குரலிலும் பழைய அகலம் குறைந்து காணப்பட்டது.

இறுதி ஆண்டுகள் துன்பமானவை. 1895இல் கல்லூரி அலுவலகத்தில் நெடுநாள் நம்பிக்கைக்குரியவராக இருந்த ஊழியர் ஒருவர் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் கையாடிவிட்டார் என்பது வெளிப்பட்டது. காசு காசாகத் திரட்டியவரின் நெஞ்சை அது உடைத்தது. மைந்தர் சையித் மஹ்மூத், அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய பேரறிஞர், உடல்நலமும் மனநலமும் குன்றி வீட்டின் அமைதியைக் குலைத்தார். முதியவர் தாம் கட்டிய வீட்டை விட்டு நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அங்கேயே 1898 மார்ச் 27ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. கெஜட் பிறந்து 32 ஆண்டுகள் நிறைவதற்கு மூன்று நாட்களே இருந்தன. இலட்சக்கணக்கில் சமூகத்துக்காகத் திரட்டியவரின் அடக்கச் செலவுக்கு வீட்டில் பணமில்லை. முஹ்ஸினுல் முல்க் பொருள் தந்து அக்காரியம் நடந்தது. கல்லூரிப் பள்ளிவாசலின் அருகே அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த பின்னரும் தாள் நின்றுவிடவில்லை. முஹ்ஸினுல் முல்க்கும் அவரை அடுத்து வந்தோரும் அதனைத் தொடர்ந்து நடத்தினர். சர் சையித் 1886இல் தொடங்கிய முஸ்லிம் கல்வி மாநாடும் ஆண்டுதோறும் ஊர் மாறிக் கூடிவந்தது. 1901இல் அது சென்னையில் கூடியது. அதன் பயனாக 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அச்சங்கமே 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியை நிறுவியது. அலிகார்க் கல்லூரி 1920இல் பல்கலைக்கழகமாயிற்று. அறிவியற் கழகத்தின் பெயரில் கெஜட்டின் அச்சுக்கூடம் இயங்கிய அதே ஊரில், அப்பழைய இதழ்களின் தொகுதிகளைப் புரட்டும் ஆய்வாளர்கள், ஒரு பத்தியில் உருதுவும் மறு பத்தியில் ஆங்கிலமுமாக அச்சிடப்பட்ட அத்தாள்களை இன்றும் படித்து வருகின்றனர்.